தோற்ற இரவில் ரசிகர்கள் எழுதிய அணி

2023 ஜனவரியில் புவனேஸ்வரில் நடந்த உலகக் கோப்பை ஹாக்கியில் இந்தியா நியூசிலாந்திடம் தோற்று வெளியேறியது. அன்றிரவு நாடெங்கும் ரசிகர்கள் பெயர்களை அடித்தும் சேர்த்தும் அணியைத் திருத்தி எழுதினார்கள். அந்தத் திருத்தங்களில் எது நின்றது, எது நிற்கவில்லை?

அன்றிரவு நானும் ஒரு பட்டியல் எழுதினேன். பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கம். உலகக் கோப்பைக்குத் தேர்வான 18 பேரின் பெயர்களை வரிசையாக எழுதி, ஆறு பெயர்களின் மேல் கோடு இழுத்தேன். மன்தீப் சிங், அபிஷேக், ஷம்ஷேர் சிங், மன்பிரீத் சிங், ஜர்மன்பிரீத் சிங், சுரேந்தர் குமார். இந்த ஆறு பேரும் இனி வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

ஹாக்கியை நேசிக்கிற எவருக்கும் அந்த இரவு நினைவிருக்கும். ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. கலிங்கா ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. எதிரே, தரவரிசையில் நம்மைவிடக் கீழே இருந்த நியூசிலாந்து. ஜெயித்தால் காலிறுதி. 1975-ல் கோலாலம்பூரில் அஜித் பால் சிங் தலைமையில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று வாங்கிய கோப்பைதான் இன்றுவரை நம்மிடம் இருக்கும் ஒரே உலகக் கோப்பை. டோக்கியோவில் 41 ஆண்டு வறட்சி முடிந்து ஒலிம்பிக் வெண்கலம் வந்திருந்த வேளை அது. ஆகவே, இந்த முறை சொந்த மண்ணில் ஏதாவது நடக்கும் என்று நம்பாத ரசிகரே இல்லை.

நடந்தது வேறு. 17ஆவது நிமிடத்தில் லலித் உபாத்யாய், 24ஆவது நிமிடத்தில் சுக்ஜீத் சிங். இந்தியா 2-0. 28ஆவது நிமிடத்தில் சாம் லேன் ஒன்றைத் திருப்பினார். 40ஆவது நிமிடத்தில் வருண் குமார் பெனால்டி கார்னரில் அடித்து 3-1 ஆக்கினார். மூன்றே நிமிடத்தில் கேன் ரஸல், 49ஆவது நிமிடத்தில் ஷான் ஃபின்ட்லே, இரண்டும் பெனால்டி கார்னர் கோல்கள். 3-3. இரண்டு முறை இரண்டு கோல் முன்னிலை கிடைத்தது; இரண்டு முறையும் கையிலிருந்து வழிந்துபோனது. ஷூட்-அவுட்டில் முதல் ஐந்து சுற்றும் சமன். சடன் டெத்தில் ஒரு கோல் போட்டால் வெற்றி என்ற நிலை வந்தும் அது கிட்டவில்லை. பந்துகளைத் தடுத்துக்கொண்டிருந்த கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காயப்பட்டு நொண்டியபடி வெளியேற, கிருஷண் பதக் உள்ளே வந்தார். கடைசியில் 5-4 என்று நியூசிலாந்து வென்றது. மைதானத்தில் அவ்வளவு பேர் இருந்தும் ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

அந்த மௌனம் கலைந்ததும் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்: யாரை எடுத்தது தவறு, யாரை விட்டது தவறு, யாரை எங்கே நிறுத்தியது தவறு என்ற விவாதம்.

ஊருக்கு ஒரு பட்டியல்

ஹாக்கி ரசிகர்களின் விவாதத்துக்குத் தனி நிறம் உண்டு. கிரிக்கெட்டைப் போல் நாடு முழுக்கப் பரவிய ஆட்டம் இல்லை இது. சில மாவட்டங்கள், சில ஊர்கள், சில தெருக்கள்தான் இந்த ஆட்டத்தைச் சுமக்கின்றன. ஜலந்தர் அருகே மிட்டாபூர் என்ற ஒரே ஊரிலிருந்து மன்பிரீத், மன்தீப், வருண் குமார் மூவரும் அந்த 18-ல் இருந்தார்கள். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்திலிருந்து துணைக் கேப்டன் அமித் ரோஹிதாஸும் நீலம் சஞ்சீப் ஜெஸும். ரூர்கேலா அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 20,000-க்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய பிர்சா முண்டா ஸ்டேடியம் இந்த உலகக் கோப்பைக்காகவே அங்கே எழுந்தது.

நம் பக்கத்தில் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன அந்த ஊரில் சாயங்காலமானால் பையன்கள் ஹாக்கி மட்டையோடுதான் தெருவில் நடப்பார்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரே மைதானத்துக்கு வந்துவிடும். அந்த ஊர்க்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியச் சீருடை அணிந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி தன் முதல் சர்வதேசப் போட்டியிலேயே கோல் அடித்தார். 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வி.பாஸ்கரனின் மாநிலம் இது. ஆனால், 2023 உலகக் கோப்பையின் 18 பேரில் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை.

ஆகவே நம்மவர்கள் பட்டியலில் முதலில் சேர்ந்த பெயர் கார்த்தி. பஞ்சாப் ரசிகர்களின் பட்டியலில் தில்பிரீத்தும் குர்ஜந்த்தும் இருந்தார்கள். ஒடிசாக்காரர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பையன் எந்த மண்தரையில் விழுந்து எழுந்து ஆடக் கற்றான் என்று பார்த்தவர்களுக்கு அவன்மேல் பிடிப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால், அந்தப் பிடிப்பு மட்டுமே பட்டியலை எழுதிவிடக் கூடாது. தோற்ற இரவில் நாம் வைத்த குற்றச்சாட்டுகளை, கோபம் ஆறிய பிறகு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். அவை நான்கு.

முதல் குற்றச்சாட்டு: பெனால்டி கார்னர்

அதிகம் கேட்ட புகார் இதுதான். கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் உலகின் மிகச் சிறந்த டிராக் ஃபிளிக்கர்களில் ஒருவர். டோக்கியோவில் ஆறு கோல் அடித்தவர். அப்படிப்பட்டவர் இந்தப் போட்டியின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. வேல்ஸுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில்தான் ஒன்று கிடைத்தது. நியூசிலாந்துடன் இந்தியாவுக்குக் கார்னர்களுக்குக் குறைவில்லை, கோல்களுக்குத்தான் குறைவு. எதிரணிக்கோ கிடைத்த கொஞ்சத்திலேயே இரண்டு கோல்.

“ஹர்மன்பிரீத் தோள்மேல் கேப்டன் பொறுப்பை ஏற்றியதுதான் தப்பு” என்றார்கள் பலர். “ரூபிந்தர் பால் சிங் ஓய்வு பெற்ற பிறகு இரண்டாவது ஃபிளிக்கரை வளர்க்கவே இல்லை” என்றார்கள் இன்னும் சிலர்.

இதில் இரண்டாவது வாதத்துக்குத்தான் எடை அதிகம். பெனால்டி கார்னர் ஒருவருடைய கைவேலை போலத் தெரியும். உண்மையில் மூன்று பேர் வேலை. கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, கடைக்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட வேண்டும். டி வட்டத்தின் உச்சியில் ஒருவர் அதை அசையாமல் நிறுத்த வேண்டும். மூன்றாமவர் மட்டையால் அதை இழுத்து வீச வேண்டும். தள்ளுவது கொஞ்சம் தாமதமானாலும், நிறுத்துவது ஓர் அங்குலம் பிசகினாலும், எதிரணியின் முதல் ரஷ்ஷர் கோட்டிலிருந்து பாய்ந்து வந்து ஃபிளிக்கர் முகத்துக்கு நேரே நின்றுவிடுவார். யார் அடிக்கப்போகிறார் என்று எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்தால் அந்த ரஷ்ஷருக்கு வேலை இன்னும் சுலபம். டோக்கியோவில் ஹர்மன்பிரீத்தும் ரூபிந்தரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, எவரை நோக்கிப் பாய்வது என்ற குழப்பம் எதிரணிக்கு இருந்தது. புவனேஸ்வரில் எல்லாக் கண்களும் ஒருவர் மேலேயே இருந்தன.

ஆகவே “ஹர்மன்பிரீத் சரியில்லை” என்பது பாதி உண்மை. அவருக்குப் பக்கத்தில் எதிரணி அதே அளவு அஞ்சுகிற இன்னொருவர் இல்லை என்பது மீதிப் பாதி. வேறொரு கை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அன்று வருண் குமார் அடித்த கோலே சாட்சி.

இரண்டாவது குற்றச்சாட்டு: ஹர்திக் இல்லாத நடுக்களம்

ஸ்பெயினுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஹர்திக் சிங் அடித்த கோலை யாராவது மறந்திருப்பார்களா? இடது பக்கமாகப் பந்தைத் தனியே எடுத்துக்கொண்டு ஓடி, டி வட்டத்துக்குள் நுழைந்து முடித்த கோல் அது. ரூர்கேலா கூரை பிளக்கக் கத்தியது. இரண்டாவது ஆட்டம் இங்கிலாந்துடன், 0-0. அந்த ஆட்டத்தின் இறுதியில் ஹர்திக்கின் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. வேல்ஸ் ஆட்டத்தில் அவர் இல்லை. நியூசிலாந்து ஆட்டத்துக்கு முன்பு தொடரிலிருந்தே விலகினார். மாற்று வீரராக இருந்த ராஜ்குமார் பால் அணிக்குள் வந்தார்.

இந்த ஒரு காயம் எவ்வளவு பெரிதென்று கணக்குப் பாருங்கள். இங்கிலாந்து ஸ்பெயினை 4-0 என்று வென்றுவிட்டது. பிரிவில் முதலிடம் பிடித்து நேரே காலிறுதிக்குப் போக, இந்தியா வேல்ஸை எட்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியிருந்தது. வென்றது 4-2 என்றுதான். அதனால் இரண்டாமிடம், அதனால் நியூசிலாந்துடன் கூடுதலாக ஓர் ஆட்டம். நடுக்களத்திலிருந்து முன்களத்துக்குப் பந்தை மட்டையில் ஒட்டவைத்தது போலக் கொண்டுபோகிற ஆள் இல்லாமல் போனது அந்த இரண்டு ஆட்டங்களிலும்தான்.

ரசிகர்கள் இங்கே கேட்ட கேள்வி கூர்மையானது: ஒருவர் விழுந்தால் அணியின் வேகமே விழுமென்றால், அந்த அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? அன்று மன்பிரீத், விவேக் சாகர் பிரசாத், நீலகண்ட சர்மா என்று நடுக்களத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பந்தைப் பிடிப்பார்கள், பகிர்வார்கள், தடுப்பார்கள். தனியாக எடுத்துக்கொண்டு ஓடிக் கோட்டையை உடைக்கிற வேலைக்கு மட்டும் ஹர்திக்குக்கு அடுத்தவர் யாரென்று எழுதிவைக்கப்படவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் நான்கு பேர் இருப்பதும், நான்கு வெவ்வேறு வேலைகளுக்கு ஆள் இருப்பதும் ஒன்றாகிவிடாது.

மூன்றாவது குற்றச்சாட்டு: கோல் அடிக்காத முன்களம்

என் பட்டியலில் மன்தீப், அபிஷேக் பெயர்கள்மேல் கோடு விழுந்தது இதனால்தான். பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் சேர்த்து இந்தியா அடித்தது ஆறு கோல். அடித்தவர்கள் ரோஹிதாஸ், ஹர்திக், ஷம்ஷேர், ஆகாஷ்தீப் (இரண்டு), ஹர்மன்பிரீத். அணிப் பட்டியலில் ஃபார்வர்டு என்று குறிக்கப்பட்ட நால்வர் மன்தீப், லலித், அபிஷேக், சுக்ஜீத். அந்த ஆறில் ஒன்றுகூட இவர்களுடையது இல்லை.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். காலிறுதிக் கனவு போன பிறகு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையான இடங்களுக்கான ஆட்டங்கள். ஜப்பானுக்கு எதிராக 8-0. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 5-2. இரண்டே ஆட்டத்தில் 13 கோல். மன்தீப் அடித்தார், அபிஷேக் அடித்தார், சுக்ஜீத் அடித்தார். நான்கு நாள் முன்பு வராத கைகள் இப்போது எங்கிருந்து வந்தன என்று வயிறெரிந்தவர்கள் பலர். அர்ஜென்டினாவுடன் ஒன்பதாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டு இந்தியா தொடரை முடித்தது. 1986-ல் லண்டனில் கடைசி இடத்தில் முடித்த துயரத்துக்கு இது ஈடாகாது. ஆனால், சொந்த மண்ணில் ஒன்பதாவது இடம் என்பது ஆறுகிற புண் இல்லை.

அந்த 13 கோல்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லின: கைகளில் கலை இருந்தது. அதைத் தடுத்தது வேறொன்று.

நான்காவது குற்றச்சாட்டு: மனசு

“3-1 இருக்கும்போது எதற்குப் பதற்றம்?” இந்தக் கேள்வியை ஹாக்கி தெரியாத என் வீட்டுப் பெண்கள்கூடக் கேட்டார்கள். முன்னிலை கிடைத்த பிறகு பந்தைச் சுற்றவிட்டு நேரத்தைக் கரைக்கலாம். எதிரணிக்கு பெனால்டி கார்னர் கொடுக்காமல் பின்களத்தில் மட்டையைத் தரையோடு வைத்து நிற்கலாம். அன்று அவை நடக்கவில்லை. கடைசி 20 நிமிடங்களில் இரண்டு கார்னர் கோல்கள் வாங்கினோம். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் நிற்கவில்லை.

பயிற்சியாளர் கிரஹாம் ரீட் தோல்விக்குப் பிறகு, அணிக்கு மனப்பயிற்சியாளர் ஒருவர் தேவை என்பதை ஒப்புக்கொண்டார். டோக்கியோவில் வெண்கலம் கொண்டுவந்த அதே ரீட், தொடர் முடிந்த மறுநாள் ஜனவரி 30 அன்று பதவி விலகினார். பிடித்தவர் பிடிக்காதவர் எல்லோரும் ஒரு நிமிடம் வாயடைத்துப் போனோம். நாம் கோடு இழுத்தது வீரர்களின் பெயர்கள்மேல், போனவர் பயிற்சியாளர்.

ஷூட்-அவுட்டும் மனசின் பரீட்சைதான். 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்ப வேண்டும். எட்டு விநாடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றி முடிக்க வேண்டும். எட்டு விநாடி என்பது முதல் இரண்டு விநாடிக்குள் முடிவெடுக்கிறவனுக்கு நிறைய நேரம். யோசிக்கிறவனுக்கு ஒன்றுமே இல்லை. அன்று சில கால்கள் யோசித்தன. அதற்காக அந்தக் கால்களை வெட்டிவிட வேண்டும் என்று நாம் சொன்னோம்.

பட்டியல் எதைப் பார்க்கவில்லை

தோற்ற இரவில் ரசிகர் எழுதும் பட்டியலில் ஒரு பொதுக் குணம் உண்டு. அது ஆட்களை மாற்றும், வேலைகளை மாற்றாது. கடைசி ஷூட்-அவுட்டைத் தவறவிட்டவர் பெயர் முதலில் போகும், ஏனென்றால் அந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது. 35ஆவது நிமிடத்தில் நடுக்களத்தில் இழந்த பந்து, 42ஆவது நிமிடத்தில் டி வட்டத்துக்குள் தேவையில்லாமல் போன மட்டை, இவையெல்லாம் நினைவில் நிற்பதில்லை. ஹாக்கியில் ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே எடுத்து உள்ளே அனுப்பலாம். களத்தில் எப்போதும் 11 பேர். ஆனால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த 11 மாறிக்கொண்டே இருக்கும். எந்த மூவர் ஒன்றாகக் களத்தில் இருந்தபோது கோல் வாங்கினோம் என்பதைக் கவனிக்காமல் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்க எழுதவில்லை. என் டைரியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு மறுபதிப்பு

அந்த மார்ச்சில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிரேக் ஃபுல்டன் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அயர்லாந்து ஆண்கள் அணியை ரியோ ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனவர். டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியம் அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர். தடுத்தால்தான் ஜெயிக்க முடியும் என்பது அவர் கொண்டுவந்த பாடம். ஜூனில் மனப்பயிற்சியாளராகப் பேடி அப்டன் சேர்ந்தார். 2011 கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியோடு இருந்தவர். ரசிகர்கள் கேட்ட ஒன்று, ரீட் கேட்டுவிட்டுப் போன ஒன்று, நிறைவேறியது.

ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆகஸ்ட் 9 அன்று பாகிஸ்தானை 4-0 என்று வீழ்த்தியபோது ஆர்ப்பரித்த கூட்டம், 12ஆம் தேதி இறுதிப் போட்டியின் இடைவேளையில் உறைந்து போயிருந்தது. மலேசியா 3, இந்தியா 1. புவனேஸ்வரில் நம் கையிலிருந்த அதே எண்கள் இப்போது எதிராளி கையில்.

மூன்றாவது கால்பகுதியின் கடைசி நிமிடம். ஹர்மன்பிரீத் ஒன்று, குர்ஜந்த் ஒன்று. ஒரே நிமிடத்துக்குள் 3-3. 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப். 4-3. அந்த அணியில் நம் கார்த்தியும் இருந்தார். ஏழு மாதத்துக்கு முன் 3-1-லிருந்து சரிந்தவர்களில் பலர், இங்கே 1-3-லிருந்து எழுந்தார்கள். அக்டோபரில் ஹாங்சோவில் ஜப்பானை 5-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கமும், பாரிஸ் ஒலிம்பிக் இடமும் வாங்கினார்கள்.

பாரிஸ் பட்டியல்

2024 ஜூனில் பாரிஸ் ஒலிம்பிக் அணி அறிவிக்கப்பட்டது. 16 பேர். நான் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். புவனேஸ்வரின் 18 பேரோடு, ஹர்திக்குக்குப் பதிலாக வந்த ராஜ்குமார் பாலையும் சேர்த்துக்கொண்டால், பாரிஸின் 16 பேரில் 13 பேர் அதே ஆட்கள். மற்ற மூவரில் சுமித்தும் குர்ஜந்த்தும் டோக்கியோ வெண்கலம் வாங்கியவர்கள். சஞ்சய் மட்டுமே புதியவர்.

நான் கோடு இழுத்த ஆறு பேரில் ஐந்து பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 2 அன்று அவர்கள் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றார்கள். ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை இந்தியா வெல்வது 1972-க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஆகஸ்ட் 4, காலிறுதி, பிரிட்டனுடன். 17ஆவது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடமும் பத்துப் பேர். ஒருவர் போனால் சரிந்துவிடும் அணி என்று நாம் எழுதிய அதே அணி, பின்களத்தின் தூண் ஒன்று போன பிறகு என்ன செய்தது? நடுக்களத்து மன்பிரீத் பின்களத்துக்கு இறங்கினார். நான் கோடு இழுத்த மன்பிரீத். இன்னொரு வேலையும் தெரிந்தவர் ஒருவர் அணியில் இருந்ததால் கோட்டை நின்றது. 1-1. மறுபடியும் ஷூட்-அவுட்.

இந்த முறை இந்தியா 4-2. அடித்தவர்கள் நால்வர்: ஹர்மன்பிரீத், சுக்ஜீத், லலித், ராஜ்குமார் பால். நால்வருமே புவனேஸ்வரில் இருந்தவர்கள். முதலாமவர், இரண்டாமவர், நான்காமவர் மூவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஷூட்-அவுட்டிலும் பந்தோடு நின்றவர்கள். கோலில் அதே ஸ்ரீஜேஷ். அன்று யோசித்த கால்கள் இன்று யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அவர்களுடைய வெற்றிக் கோல் விழுந்தது 54ஆவது நிமிடத்தில். தடை காரணமாக ரோஹிதாஸ் ஆட முடியவில்லை. 16 பேர் அணி 15 ஆனது. பெனால்டி கார்னர்களில் முதலில் பாய்ந்து தடுக்கிற ரஷ்ஷரும் அவர்தான், ஹர்மன்பிரீத்துக்கு அடுத்த ஃபிளிக்கரும் அவர்தான். ஒருவர் இடத்தில் இரண்டு வேலைகள் காலியாக இருந்தன. நடுக்களத்துக்கு மாற்று தயாராகிவிட்டது. அந்த வேலைகளுக்கு இன்னும் ஆகவில்லை. அன்றிரவும் பட்டியல்கள் எழுதப்பட்டன. இந்த முறை நான் எழுதவில்லை. ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வந்தது. இரண்டு கோலும் ஹர்மன்பிரீத். அந்த ஒலிம்பிக்கில் அவர் அடித்தது மொத்தம் பத்து.

ரசிகரின் பட்டியலுக்கு என்ன மதிப்பு?

அப்படியானால் நாம் அன்று பேசியதெல்லாம் வெற்றுக் கூச்சலா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அது உண்மையும் இல்லை. அந்தக் குற்றச்சாட்டுகளை மறுபடி பாருங்கள். கார்னருக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்றார்கள். பாரிஸ் அரையிறுதி அதையே உறுதி செய்தது. நடுக்களத்துக்கு மாற்று வேண்டும் என்றார்கள். ராஜ்குமார் பாலை வளர்த்தெடுத்தது பலன் தந்தது. மனசுக்குப் பயிற்சி வேண்டும் என்றார்கள், அப்டன் வந்தார். குறை எது என்பதைக் கோவில்பட்டித் தெருவில் நின்று பார்த்தவர்கள்கூடச் சரியாகவே பிடித்திருந்தார்கள். தவறியது மருந்தில். குறையைக் கண்டவுடன் ஆளைத் தூக்கு என்றோம். அந்த ஆட்களையே வைத்துக்கொண்டு, அவர்களுக்கு வேறு வேலைகளைக் கற்றுக்கொடுத்து, அந்த வேலைகளுக்கு இரண்டாவது ஆளைத் தயார்செய்ய ஒன்றரை ஆண்டு தேவைப்பட்டது. அந்த ஒன்றரை ஆண்டை ஓர் இரவில் எதிர்பார்த்ததுதான் நம் பிழை.

இந்திய ஹாக்கிக்கு இப்படிக் கோபப்படுகிற ரசிகர்கள் வேண்டும். ஸ்டேடியங்கள் காலியாகக் கிடந்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். தோற்றால் யாரும் பேசாத காலம் அது. தோல்வியைவிட அந்தக் கவனிப்பாரின்மைதான் ஆட்டத்தை அதிகம் வாட்டியது. ஓர் ஆட்டக்காரன் தவறவிட்ட பந்துக்காக எங்கோ ஒருவர் தூங்காமல் இருக்கிறார் என்றால், அந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது. ஆனால், அந்தத் தூங்காமை ஆட்டக்காரனின் வீட்டுக் கதவில் கல்லாக விழக் கூடாது. டோக்கியோவில் பெண்கள் அணி அரையிறுதியில் தோற்ற இரவில் அந்த அணியின் வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் சாதியைச் சொல்லி நடந்த அசிங்கத்தை நாம் மறந்துவிட முடியாது. கோடு பெயர்மேல் விழலாம். மனிதர்மேல் விழ அனுமதிக்கக் கூடாது.

டைரியின் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பாரிஸ் வெண்கலத்துக்குப் பிறகு, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அந்த ஆட்டக்காரர் செய்கிற வேலையை எழுதினேன். கார்னர் தள்ளுபவர், நிறுத்துபவர், முதலில் பாய்பவர், பந்தைச் சுமந்து ஓடுபவர், 3-1 இருக்கும்போது ஆட்டத்தை உறங்கவைப்பவர். அதற்குப் பக்கத்தில், அவர் இல்லாவிட்டால் யார் என்று ஒரு கட்டம். சில கட்டங்கள் நிரம்பிவிட்டன. கார்னரில் முதலில் பாய்பவருக்கு நேரே உள்ள கட்டம் காலியாக இருக்கிறது. அங்கே எழுதவேண்டிய பெயர் கோவில்பட்டியிலோ சுந்தர்கட்டிலோ மிட்டாபூரிலோ இப்போது மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். பென்சிலைக் கூராக்கி வைத்திருக்கிறேன்.